கோரிங்கின் வீழ்ச்சியைப் புதினமாக எழுதினால் எங்கே தொடங்குவது?

ஹிட்லரின் வாரிசாக அறிவிக்கப்பட்டிருந்த நாஜித் தலைவர் ஹெர்மன் கோரிங்கின் வீழ்ச்சியையும் விசாரணையையும் வரலாற்றுப் புதினமாக எழுத எந்தக் காட்சியில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 1945 ஏப்ரல் 23-ஆம் தேதித் தந்தியில்தான் தொடங்குவேன். இரவு 10 மணிக்குள் பதில் வராவிட்டால் ஆட்சிப் பொறுப்பைத் தானே ஏற்பதாக ஹிட்லருக்குத் தெரிவித்தார். ஹிட்லரின் அருகிலிருந்த அவருடைய செயலாளர் போர்மான் அதைத் துரோகம் என்று ஓதினார். கோரிங்கின் பதவிகள் பறிபோயின; நாஜிகளின் எஸ்.எஸ். படையே அவரைக் கைது செய்தது. மே மாதம் அமெரிக்கர்களிடம் சரணடைந்தார்.

நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணை நவம்பர் 20-இல் தொடங்கியது. முன்வரிசையில் முதல் இருக்கை அவருக்கு. சிறையில் போதை மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். எடையும் குறைந்துவிட்டதால், பதவிப் பட்டைகள் நீக்கப்பட்ட சாம்பல் சீருடை உடம்பில் தொளதொளவென்று தொங்கியது. அந்தச் சீருடையை எழுதுங்கள். ஆனால், அவருடைய பேச்சுச் சாமர்த்தியத்தில் மட்டும் மயங்கிவிடாதீர்கள். எழுதுகிறவர்கள் சறுக்கும் இடம் அது. யூதர்கள் விஷயத்தில் பின்னர் இன அழிப்பாக முடிந்த 'முழுத் தீர்வுக்கு' ஏற்பாடு செய்யும்படி 1941 ஜூலை 31-இல் எஸ்.எஸ். உயரதிகாரி ஹைட்ரிக்குக்குக் கொடுத்த ஆணையில் இருப்பது அவர் கையெழுத்து. அந்தத் தாள் கதையில் வந்தே ஆக வேண்டும்.

நான்கு குற்றச்சாட்டுகளும் நிரூபணமாகித் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1946 அக்டோபர் 15 இரவு, தூக்கிலிடச் சில மணி நேரமே இருந்தபோது, சயனைடு விழுங்கி இறந்தார். அத்தனை காவலுக்கு நடுவே அந்தக் குப்பி அவர் கைக்கு எட்டியது எப்படி என்பது இன்னும் உறுதியாகவில்லை. உங்கள் கற்பனைக்கு அங்கே நிறைய இடம் இருக்கிறது.