கணினி விளையாட்டுகளை எந்த இணையக் கடையில் வாங்கலாம்? கேள்வி பதில்

கணினி விளையாட்டுகளைப் பதிவிறக்கத்துக்கு விற்கும் கடைகள் குறித்து அன்பர்கள் கேட்டிருந்தவற்றுக்கு என் பதில்கள் இவை. ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: இதுவரை கேம் எதையும் காசு கொடுத்து வாங்கியதில்லை. ஸ்டீம், எபிக், ஜிஓஜி ஆகிய மூன்றில் எதில் கணக்குத் தொடங்கலாம், ஐயா?

பதில்: மூன்றிலுமே தொடங்குங்கள். கணக்குக்குக் கட்டணம் கிடையாது. ஒரே கடைக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டிய தேவையும் இல்லை. வாங்க நினைக்கும் விளையாட்டு எங்கெங்கே கிடைக்கிறது என்று பார்த்து, அந்த விளையாட்டுக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்வதே நல்லது. 2003-இல் தொடங்கிய ஸ்டீமில் இருப்பு மிகப் பெரியது. வாங்கியவர்களின் மதிப்புரைகளும், பல விளையாட்டுகளுக்கு ரசிகர்கள் உருவாக்கிய மாட்களும் (விளையாட்டை மாற்றியமைக்கும் கூடுதல் கோப்புகள்) அங்கேயே கிடைக்கின்றன. 2018 டிசம்பரில் வந்த எபிக், வாரந்தோறும் இலவசமாக ஏதேனும் தருகிறது. 2008 முதல் இயங்கும் ஜிஓஜி, டிஆர்எம் எனப்படும் நகல் தடுப்புப் பூட்டு இல்லாமல் விற்பதையே தன் அடையாளமாக வைத்திருக்கிறது.

ஒரே விளையாட்டு மூன்றிலும் இருந்தால், நிறுவல் கோப்பு (விளையாட்டைக் கணினியில் நிறுவ உதவும் கோப்பு) என் கைக்கு வருமா என்பதை முதலிலும், பணத்தைத் திரும்பப் பெறும் வசதியை அடுத்தும், விலையைக் கடைசியிலும் பார்ப்பேன். இன்று ஒரு கடையில் இருக்கும் தள்ளுபடி, அடுத்த பருவகால விற்பனையில் பெரும்பாலும் மற்றக் கடைகளுக்கும் வந்துவிடும் என்பதால்தான் விலையைக் கடைசியில் வைக்கிறேன்.

கேள்வி: பணம் கொடுத்த பின்பும் அந்த விளையாட்டு நமக்குச் சொந்தமில்லை என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். நீங்கள் வாங்குவது விளையாடுவதற்கான உரிமம் மட்டுமே. 2024 அக்டோபர் முதல் ஸ்டீம் இதைப் பணம் செலுத்துமிடத்திலேயே எழுதிக் காட்டுகிறது. நடைமுறையில் இதன் விளைவு என்ன என்பதை யூபிசாஃப்ட் என்ற விளையாட்டு நிறுவனத்தின் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய விளையாட்டை வாங்கியவர்கள் அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள். 2014-இல் வெளிவந்த அது, தனியாக விளையாடினாலும் நிறுவனத்தின் சர்வருடன் இணைந்தே இயங்கும்படி அமைக்கப்பட்டிருந்ததால், 2024 மார்ச் 31 அன்று சர்வர்கள் நிறுத்தப்பட்டதும் விளையாடவே முடியாததாயிற்று. பிறகு வாங்கியவர்களின் உரிமமும் நீக்கப்பட்டது.

ஜிஓஜியிலும் சட்டப்படி உரிமம்தான். ஆனால், நிறுவல் கோப்பைத் தன் வன்தட்டில் எடுத்து வைத்துக்கொண்டவர் கடையின் சர்வரை நம்பி இருக்க வேண்டியதில்லை. எந்தக் கடையானாலும், ‘எப்போதும் இணைய இணைப்பு தேவை’, ‘வேறொரு நிறுவனத்தின் கணக்கு தேவை’ என்பன போன்ற சிறிய குறிப்புகள் விளையாட்டின் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

கேள்வி: அந்த நிறுவல் கோப்பை எப்படி எடுத்து வைப்பது?

பதில்: உலாவியில் ஜிஓஜி கணக்கின் நூலகத்துக்குள் சென்று விளையாட்டின் படத்தைச் சொடுக்கினால், ஆஃப்லைன் நிறுவல் கோப்புகளின் பட்டியல் வரும். பெரிய விளையாட்டாக இருந்தால், ‘செட்டப்’ என்று தொடங்கும் சிறிய கோப்பு ஒன்றும், அதனுடன் தலா 4 ஜிபி வரையிலான தரவுக் கோப்புகள் பலவும் இருக்கும். அனைத்தையும் ஒரே கோப்புறையில் வைக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் நிறுவல் பாதியில் நின்றுவிடும். முதல் கோப்பை மட்டும் இறக்கிவிட்டு வேலை முடிந்ததென்று இருந்துவிடாதீர்கள். வெளி வன்தட்டில் நகலெடுத்த பின், இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒரு முறை நிறுவிப் பார்த்துவிடுவது நல்லது. இப்படி வைத்திருக்கும் நகலுக்குத் திருத்தங்கள் தாமாக வந்து சேராது என்பதால், பெரிய அப்டேட் வரும்போது மறுபடியும் பதிவிறக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: வாங்கிய கேம் என் கணினியில் சரியாக ஓடவில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், காலக்கெடுதான் கடைக்குக் கடை மாறும். ஸ்டீமில், வாங்கி 14 நாட்களுக்குள்ளும் விளையாடிய நேரம் 2 மணி நேரத்துக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். எபிக்கிலும் இதே அளவுதான் என்றாலும், திருப்பித் தரத்தக்கது என்று குறிக்கப்பட்டவற்றுக்கே அது பொருந்தும். ஜிஓஜி 30 நாட்கள் தருகிறது. நிறுவி விளையாடிப் பார்த்திருந்தாலும் கேட்கலாம். இந்தத் தாராளத்தைத் தவறாகப் பயன்படுத்தாமல் இருப்பது நம் பொறுப்பு.

ஸ்டீமின் 2 மணி நேரம் என்பது விளையாட்டு திறந்திருக்கும் நேரம் என்பதை மறக்க வேண்டாம். மெனுவில் நிறுத்திவிட்டு நீங்கள் சாப்பிடப் போனாலும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே, அறிமுகக் காட்சிகளில் லயித்துவிடாமல், கிராஃபிக்ஸ் அமைப்புகளை மாற்றிப் பார்த்து, விரைவில் உண்மையான ஆட்டத்துக்குள் நுழைந்து, கணினி தாங்குகிறதா என்பதை முதல் அரை மணி நேரத்திலேயே சோதித்துவிடுங்கள்.

கேள்வி: சில தளங்களில் ஸ்டீம் கீ (விளையாட்டை ஸ்டீம் கணக்கில் சேர்க்கும் குறியீடு) பாதி விலைக்குக் கிடைக்கிறது. நம்பலாமா?

பதில்: விற்பவர் யார் என்பதைப் பொறுத்தது. ஹம்பிள், ஃபனாட்டிகல் போன்ற கடைகள் வெளியீட்டாளர்களிடமிருந்தே கீ பெற்று விற்கின்றன. அங்கே தயங்காமல் வாங்கலாம். முகம் தெரியாத தனிநபர்கள் கீ விற்கும் சந்தைத் தளங்களை நான் பரிந்துரைப்பதே இல்லை. திருடப்பட்ட அட்டையால் வாங்கிய கீ அங்கே கைமாறக்கூடும். அட்டையின் உரிமையாளர் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெற்றதும், வெளியீட்டாளர் அந்தக் கீயை ரத்து செய்யலாம். அப்போது விளையாட்டும் போய், பணமும் போயிருக்கும்.

கேள்வி: எபிக் இலவசமாகத் தருவது அந்த வாரத்துக்கு மட்டுமா?

பதில்: இல்லை. அந்த வாரத்துக்குள் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும். பிறகு எப்போது வேண்டுமானாலும் இறக்கி விளையாடலாம்.

கேள்வி: என்னிடம் இருப்பது விண்டோஸ் 7 உள்ள பழைய கணினி. என்ன செய்யலாம்?

பதில்: 2024 ஜனவரி 1 முதல் ஸ்டீம் விண்டோஸ் 7-க்கும் 8-க்கும் ஆதரவை நிறுத்திவிட்டது. உங்களுக்கு ஜிஓஜியே பொருத்தம். வேறொரு கணினியில் நிறுவல் கோப்பை இறக்கிக் கொண்டுவந்துகூட நிறுவலாம். ஆனால், அந்த விளையாட்டு விண்டோஸ் 7-இல் இயங்குமா என்பதை அதன் பக்கத்தில் முன்கூட்டியே பாருங்கள்.

கேள்வி: நான் ஸ்டீமில் வாங்கியதை என் மகனும் விளையாட, என் கடவுச்சொல்லை அவனிடம் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். கணக்கைப் பிறருடன் பகிர்வதை ஸ்டீமின் விதிகள் அனுமதிப்பதில்லை. அதற்கென்றே ஸ்டீமின் குடும்ப வசதி இருக்கிறது. ஒரே வீட்டில் வசிக்கும் 6 பேர் வரை சேரலாம், ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும், ஆட்டத்தில் எட்டிய இடத்தைச் சேமித்து வைக்கும் தனிக் கோப்புகளும் இருக்கும். நீங்கள் வாங்கிய ஒரு பிரதியை ஒரே நேரத்தில் இருவர் விளையாட முடியாது. எல்லா விளையாட்டுகளும் பகிர்வுக்கு உட்பட்டவையும் அல்ல. மகனிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: உங்கள் பிரதியில் விளையாடும்போது அவன் ஏமாற்று மென்பொருளைப் பயன்படுத்திப் பிடிபட்டால், அந்த விளையாட்டில் உங்களுக்கும் சேர்த்தே தடை விழும்.