மருமகனின் பிறந்த ஊர் மகளின் கிரீன் கார்டுக்கு உதவுமா?

கேள்வி: மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் பெற்ற என் மகள், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் நான்கு ஆண்டுகளாக ஜே-1 என்னும் பரிமாற்றத் திட்ட விசாவில் ஆராய்ச்சி செய்கிறாள். கிரீன் கார்டுக்குப் பல்கலைக்கழகம் மனு செய்யாது என்கிறது. இந்தியர் என்பதால் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். குவைத்தில் பிறந்த மருமகனும் அவளுடன்தான் இருக்கிறார். ஊருக்கே திரும்பிவிடச் சொல்லலாமா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், திருமங்கலம்.

பதில்: மதிப்பிற்குரிய ஐயா, அவசரப்பட்டுத் திரும்பச் சொல்ல வேண்டாம். போகிற போக்கில் தாங்கள் குறிப்பிட்டிருக்கும் மருமகனின் பிறப்பிடமே இந்தக் கடிதத்தில் முக்கியமான செய்தி. அமெரிக்கச் சட்டம் கிரீன் கார்டு வரிசையைக் குடியுரிமையை வைத்து அல்லாமல் பிறந்த நாட்டை வைத்தே வகுக்கிறது. ஆண்டு ஒதுக்கீட்டில் ஒரு நாட்டுக்கு ஏழு விழுக்காடு என்ற வரம்பினால்தான் இந்தியாவில் பிறந்தோரின் வரிசை இவ்வளவு நீண்டுவிட்டது. ஆனால் கணவனும் மனைவியும் வெவ்வேறு நாடுகளில் பிறந்திருந்தால், குடும்பம் பிரியாதிருக்கும் பொருட்டு, ஒருவர் மற்றவருடைய நாட்டின் கணக்கில் சேர அச்சட்டம் இடமளிக்கிறது. குவைத் கணக்கில் சேர்ந்தால் தங்கள் மகள் இந்தியாவின் நீண்ட வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மருமகன் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பது இதற்குத் தடையன்று; கிரீன் கார்டுக்கான இறுதி விண்ணப்பத்தை இருவரும் சேர்ந்தே அளிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பல்கலைக்கழகம் மறுப்பதும் முட்டுக்கட்டை ஆகாது. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுக்கு முதற்படியான ஐ-140 மனுவைத் தாமே தாக்கல் செய்யத் தங்கள் மகளுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, உயர்பட்டம் பெற்றோர் போன்றோருக்கான இ.பி.-2 பிரிவின் தேசிய நலன் விலக்கு. ஆராய்ச்சியாளர் ஒருவரின் மனு மீது 2016-இல் வந்த தனசர் தீர்ப்பின்படி, மேற்கொள்ளும் பணி தகுதியும் தேசிய முக்கியத்துவமும் உடையது, அதை முன்னெடுத்துச் செல்லும் ஆற்றல் தமக்கு உண்டு, வேலை வாய்ப்புக் கடிதத்தை வற்புறுத்தாமல் விடுவது அந்நாட்டுக்கே நன்மை ஆகிய மூன்றையும் மெய்ப்பிக்க வேண்டும். மற்றொன்று, அசாதாரணத் திறமையாளருக்கான இ.பி.-1ஏ. பெரிய பன்னாட்டு விருது இல்லாதவர் பத்து அளவுகோல்களில் மூன்றையாவது நிறைவு செய்ய வேண்டும். ஆய்வுக் கட்டுரைகள், பிறர் கட்டுரைகளை மதிப்பீடு செய்தது, துறையில் தாக்கம் ஏற்படுத்திய சொந்தப் பங்களிப்பு ஆகியவையே ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரும்பாலும் கைகொடுக்கும். மூன்று இருந்தாலே போதும் என்று நம்பிவிடக் கூடாது. அதன் பிறகு அதிகாரி எல்லாவற்றையும் ஒருசேர எடைபோடுவார். வழிகாட்டியின் பாராட்டுக் கடிதத்தைவிட, மகளுடன் பணியாற்றாத ஒருவர் மகளுடைய ஆய்வைத் தாம் எப்படிப் பயன்படுத்தினார் என்று எழுதும் கடிதத்துக்கே மதிப்பு அதிகம்.

குவைத் கணக்கு இருப்பதால் தேசிய நலன் விலக்கையே முதலில் தாக்கல் செய்யலாம் என்பது என் கருத்து. வசதி இருப்பின் இரண்டையும் தாக்கல் செய்யலாம்.

எனக்குக் கவலை தருவது ஜே-1 விசாதான். அரசு நிதியில் சென்றவர் போன்ற சிலர், இரண்டாண்டுகள் சொந்த நாட்டில் தங்கிய பிறகே கிரீன் கார்டு பெற முடியும். இல்லையெனில் அந்நிபந்தனையிலிருந்து விலக்குப் பெற வேண்டும். ஐ-140 ஏற்கப்பட்டாலும் இந்தத் தடை நீங்காது. ஆகவே விசாவிலும், ஜே-1 தகுதிக்கு வழங்கப்படும் டி.எஸ்.-2019 படிவத்திலும் உள்ள குறிப்பை, அங்கு உரிமம் பெற்ற குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் முதலில் காட்டச் சொல்லுங்கள்.

இங்கிருந்தபடி தாங்கள் செய்யக்கூடியவையும் உண்டு. சம்பந்தி வீட்டாரிடமிருந்து குவைத் அரசு வழங்கிய பிறப்புச் சான்றிதழின் மூலத்தைத் தேடி எடுங்கள். அது அரபியில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவை. மகளின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா, முன்னெழுத்தும் தந்தை பெயரும் கடவுச்சீட்டுடன் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். திருமணம் கோயிலில் நடந்து ரசீது மட்டுமே கையில் இருக்குமானால் அது போதாது. மருமகனின் பிறந்த நாட்டைக் கோரத் திருமணத்துக்குச் சான்று தேவை என்பதால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து சான்றிதழ் பெறுவதே நல்லது.