கார்பைட் கல்லுக்குத் தடை, எத்திலீனுக்கு அனுமதி: ஏன்?

பத்தாம் வகுப்பு மகளுக்கு ஹைட்ரோகார்பன் பாடம் சொல்லிக்கொடுக்கும் அம்மா ஒருவர் கேட்டிருக்கிறார்: "எத்திலீன், அசிட்டிலீன் இரண்டுமே நிறைவுறாதவை, இரண்டிலும் காய் பழுக்கும். பிறகு அசிட்டிலீன் தரும் கார்பைட் கல்லுக்கு மட்டும் ஏன் தடை? சமையல் எரிவாயுவில் உள்ள பியூட்டேனில் மாங்காய் பழுக்குமா என்றும் மகள் கேட்கிறாள்."

மகளின் கேள்வி அருமையானது, அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். பழுக்காது. கார்பனுக்கு நான்கு கைகள். பியூட்டேனில் ஒவ்வொரு கையும் தனித்தனி அணுவைப் பிடித்திருக்கிறது, எல்லாமே ஒற்றைப் பிணைப்பு. அதனால்தான் நிறைவுற்றது என்கிறோம். எத்திலீனில் இரண்டு கார்பனுக்கு நான்கு ஹைட்ரஜன்தான். மிஞ்சிய கைகளைக் கார்பன்கள் தமக்குள் கோத்துக்கொள்வதால் இரட்டைப் பிணைப்பு. அந்த இரண்டாம் பிணைப்பின் எலக்ட்ரான்கள் மேலும் கீழுமாகச் சற்றே வெளியில் பரவி நிற்கும். காயின் செல்லில் எத்திலீனை உணரும் புரதம் ஒன்று உண்டு, அதற்குள் தாமிர அயனி இருக்கிறது. இந்த எலக்ட்ரான்கள் வழியாகத்தான் எத்திலீன் தாமிரத்தோடு ஒட்டுகிறது. அதன்பிறகே மாவுச்சத்து சர்க்கரையாகிறது, காய் இளகுகிறது. பியூட்டேனிடம் அப்படி ஒட்டுவதற்கு எதுவும் இல்லை.

அசிட்டிலீனில் முப்பிணைப்பு. அதுவும் எத்திலீன் போலவே வேலை செய்யும், ஆனால் பல மடங்கு அதிகம் தேவை. சரி, தடை எதற்கு? கடையில் தாளில் மடித்துக் காய்க்கு நடுவே செருகும் அந்தச் சாம்பல் நிறக் கல், வெல்டிங் பட்டறைச் சரக்கு. கால்சியம் கார்பைடோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் அசுத்தங்களும் அதில் இருக்கும். ஈரம் பட்டதும் அசிட்டிலீனோடு ஆர்சீன், பாஸ்பீன் என்ற நச்சு வாயுக்களும் கிளம்பும். கல்லருகே அடிக்கும் பூண்டு வாடை இவற்றால் வருவதுதான்.

எத்திலீனோ பழம் தானே சுரப்பது. ஆப்பிளில் அதை 1934இல் ரிச்சர்ட் கேன் என்ற விஞ்ஞானி நிரூபித்தார். வாழைத்தாருக்கு மூட்டம் போடும் புகையிலும் கொஞ்சம் எத்திலீன் உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) வரை அனுமதிக்கிறது.

வீட்டில் எதுவும் வாங்க வேண்டாம். அரிசிப் பானையில் மாங்காயோடு நன்றாகப் பழுத்த வாழைப்பழம் இரண்டு வையுங்கள். பழம் விடும் எத்திலீன் உள்ளேயே தங்கும். ஆனால் காய் முற்றியிருக்க வேண்டும். இளங்காயில் தோல் மஞ்சளானாலும் இனிப்பு ஏறாது. காம்பைச் சுற்றித் தோள் புடைத்திருக்கும் காயாகப் பார்த்து எடுங்கள்.