விளம்பரத்தில் வரும் கருக்கலைப்பு மாத்திரையை வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. பினாங்கு பிறை நகரில் தொழிற்சாலை வேலை. இரண்டு பிள்ளைகள், இரண்டுமே ஆபரேஷன். கடைசியாகத் தீட்டு வந்து 40 நாளாகிறது; வீட்டில் சோதித்ததில் இரண்டு கோடு விழுந்துவிட்டது. கணவருக்கு வேலை போய்விட்டது. இன்னொரு பிள்ளை என்று நினைத்தாலே இரவில் தூக்கமில்லை. கைப்பேசி விளம்பரத்தில் ஒருவர் 450 ரிங்கிட்டுக்கு மாத்திரை அனுப்புவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? போலீஸ் கேஸ் ஆகுமா? பிறகு பிள்ளையே பிறக்காதா?
— பெயர் வேண்டாம், பினாங்கு

பதில்: சகோதரி, அந்தப் பணத்தை அனுப்பாதீர்கள். கருவை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. அதில் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மாத்திரையால் கருவைக் கலைப்பது முறையாகச் செய்தால் பாதுகாப்பானதும்கூட. ஆனால் அதற்கு நம்பகமான மருந்து வேண்டும், கரு எங்கே இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். இப்போது உங்களிடம் இரண்டும் இல்லை.

இதில் இரண்டு மருந்துகள் உண்டு. மிஃபெப்ரிஸ்டோன், கருவைத் தாங்கி நிற்கும் புரோஜெஸ்டெரோன் ஹார்மோனைத் தடுக்கிறது. ஓரிரு நாள் கழித்துக் கொடுக்கும் மிசோப்ரோஸ்டோல், கருப்பையைச் சுருங்க வைத்து வெளியேற்றுகிறது. 12 வாரத்துக்குள் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு முதலாவது 200 மில்லிகிராம், இரண்டாவது 800 மைக்ரோகிராம். இப்படிக் கொடுத்தால் 100 பேரில் 95 பேருக்கும் மேல் முழுமையாகக் கலைந்துவிடும். ஆனால் மிஃபெப்ரிஸ்டோன் மலேசியாவில் பதிவு பெறாத மருந்து. இங்கே பதிவான மருந்துப் பெட்டியில் ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். விளம்பரக்காரர் அனுப்புவது பெரும்பாலும் சிறு பிளாஸ்டிக் பையில் உதிரியாகப் போட்ட மாத்திரைகள். மிசோப்ரோஸ்டோலுக்கு ஈரம் ஆகாது. அட்டையிலிருந்து பிரித்துவிட்டால் நம் ஊர்க் காற்றில் வீரியம் குறைந்துவிடும். அரைகுறை மருந்து கருவை அரைகுறையாகக் கலைக்கும். அதிலிருந்துதான் நிற்காத இரத்தப்போக்கும் கிருமித் தொற்றும் வருகின்றன. பப்பாளிக்காய், அன்னாசி, எள் என்று யாராவது சொன்னால் அதையும் விட்டுவிடுங்கள். நாள்தான் வீணாகும்.

உங்கள் விஷயத்தில் ஸ்கேன் மிக முக்கியம். கடைசித் தீட்டின் முதல் நாளிலிருந்துதான் கணக்கு. 40 நாள் என்றால் 5 வாரம் 5 நாள். கரு கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரைகள் வேலை செய்யாது; குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டு ஆபரேஷன் ஆனவருக்குக் கரு பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் சாத்தியமும் உண்டு. டாக்டரிடம் அதைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். கருப்பையில் எதுவும் தெரியவில்லை என்றால் பயப்படாதீர்கள். இரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் அளவு பார்த்து, 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் கடும் வலி, தோள்பட்டை வலி, மயக்கம் எது வந்தாலும் அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கருக்கலைப்பு முழுக்கச் சட்டவிரோதம் என்ற தவறான எண்ணம் நம் மக்களிடையே பரவிக் கிடக்கிறது. தண்டனைச் சட்டம் 312வது பிரிவில் 1989ல் செய்த திருத்தத்தின்படி, கர்ப்பம் தொடர்வதால் தாயின் உயிருக்கு ஆபத்து, அல்லது கலைப்பதைவிட அதிகமாக உடல்நலமோ மனநலமோ கெடும் என்று பதிவுபெற்ற மருத்துவர் ஒருவர் நல்லெண்ணத்துடன் கருதினால், அவர் கருவைக் கலைக்கலாம். மனநலமும் அதில் இருக்கிறது. உங்கள் தூக்கமின்மையை, வீட்டு நிலைமையை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கணவர் கையெழுத்து வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை; சில இடங்களில் கேட்பார்கள். சட்டம் காப்பது டாக்டர் செய்வதைத்தான், தானாக மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதை அல்ல.

இங்குள்ள கிளினிக்குகளில் மாத்திரையைவிட, உறிஞ்சி எடுக்கும் முறையைச் சொல்ல வாய்ப்பு அதிகம். சில நிமிட வேலை, அன்றே வீடு திரும்பலாம். டாக்டர் மிசோப்ரோஸ்டோல் கொடுத்தால் சில மணி நேரத்தில் கடும் வலியும் கட்டிகளோடு இரத்தமும் வரும்; குளிர், வயிற்றுப்போக்கு, அன்றைக்கு மட்டும் காய்ச்சல் வருவதும் வழக்கமே. வலிக்கு ஐபுப்ரோஃபென் போடலாம். ஒரு மணி நேரத்துக்குப் பெரிய பேட் இரண்டு வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ, மறுநாளும் 38 டிகிரி காய்ச்சல் நீடித்தாலோ, துர்நாற்றத்துடன் வெள்ளைப்பட்டாலோ காத்திருக்காதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 999, உங்களுக்குப் பக்கம் செபராங் ஜெயா மருத்துவமனை. வெளியில் வாங்கிய மாத்திரை ஏதாவது ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

முறையாகச் செய்தால் பிள்ளைப்பேறு பாதிக்காது. சொல்லப்போனால், இரண்டு வாரத்துக்குள்ளேயே மறுபடி கரு தரிக்கலாம். கருத்தடை பற்றி அன்றைக்கே கேளுங்கள். சிறுநீர்ச் சோதனை நாலு வாரம் வரை இரண்டு கோடு காட்டக்கூடும். அதை வைத்துக் கலையவில்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

இந்த வாரமே ஸ்கேனுக்குப் போங்கள். மைகார்டு (அடையாள அட்டை), கடைசித் தீட்டின் தேதி, இரண்டு ஆபரேஷன் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். இரத்தச் சோகை, ஆஸ்துமா இருந்தாலும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டாலும், கருத்தடை லூப் வைத்திருந்தாலும் டாக்டர் கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே சொல்லுங்கள்.