மகள் மதம் மாறிவிட்டாளா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், பாஸ்டன் பக்கம் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் மாப்பிள்ளை, பேத்தியோடு ‘யூனிட்டேரியன்’ சபை ஒன்றுக்குப் போகிறாள். போன வருடம் என் வீட்டுக்காரர் தவறிப்போனபோது அவளால் வர முடியவில்லை. அங்கே அப்பாவுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினாளாம். அதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. மதம் மாறிவிட்டாளா? பேத்திக்கு மீனாட்சியைத் தெரியாமலே போய்விடுமா?
– ஒரு வாசகி, தல்லாகுளம், மதுரை

பதில்: அன்புள்ள அம்மா, மதம் மாறியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே சேர ஞானஸ்நானம் தேவையில்லை. உன் சாமியை விட்டுவிடு என்றும் யாரும் சொல்வதில்லை. இயேசுவைக் கும்பிடுகிறவர், புத்தர் வழியில் நடப்பவர், கடவுளே இல்லை என்பவர் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பிதா, மகன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற திரித்துவத்தை ஏற்காமல் ‘கடவுள் ஒருவரே’ என்று ஐரோப்பாவில் பிரிந்துபோன கிறிஸ்தவர்களின் வழி இது. அமெரிக்காவில் 1961-ல், கடவுள் கடைசியில் எல்லாரையும் மீட்பார் என்று நம்பிய யூனிவர்சலிஸ்ட் சபையினரோடு ஒன்றான பிறகு யாரும் வரலாம் என்றாகிவிட்டது. தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் 1795-லேயே சென்னையில் யூனிட்டேரியன் சபை தொடங்கியிருக்கிறார்.

அந்த மெழுகுவர்த்திக்கு வருகிறேன். பல சபைகளில் ஞாயிறு கூட்டத்தின் நடுவே சந்தோஷத்தையும் துக்கத்தையும் சொல்ல ஒரு நேரம் ஒதுக்குவார்கள். விரும்புகிறவர் எழுந்து முன்னால் போய், ஒரு திரியை ஏற்றி, இரண்டு வார்த்தை சொல்வார். குழந்தை பிறந்தது, ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, அப்பா இறந்துவிட்டார். யாரும் பதில் பேசமாட்டார்கள், புத்தி சொல்லமாட்டார்கள், கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போன மகள், தன் துக்கத்தை நாலு பேர் முன் சொல்லி அழ அவளுக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது. திதிக்குப் பதிலாக அவள் அதைச் செய்யவில்லை அம்மா. தயவுசெய்து இதற்காக அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

மீதி நேரத்தில் பாட்டு, அப்புறம் ஒரு பேச்சு. போதகர் பேசுவார், சில வாரம் சபையில் ஒருவரே பேசுவார். மன்னிப்பு, முதுமை, அகதிகள் என்று எதைப் பற்றியும் இருக்கும். மீனாட்சி கோயில் ஆடி வீதியில் சொற்பொழிவு கேட்கும் ஊரிலிருந்து போன பெண்ணுக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை. முடிந்ததும் காபி குடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருப்பார்கள். வெளியூரில் தனியாக இருக்கும் குடும்பத்துக்கு அந்தக் காபி நேரம் பெரிய ஆறுதல்.

பேத்தி விஷயத்தில் உங்கள் கவலை நியாயமானது. அங்கே பிள்ளைகளுக்குப் பல மதங்களைப் பற்றியும் சொல்லித்தருவார்கள், ஆனால் மீனாட்சி கல்யாணத்தை அவர்கள் உங்களைப் போல் சொல்லப்போவதில்லை. அது உங்கள் வேலை. வாரம் ஒரு நாள் வீடியோ காலில் பேத்தியை உட்காரவைத்துக் கதை சொல்லுங்கள்.

முடிந்தால் செப்டம்பரில் போய் வாருங்கள். கோடையில் பல சபைகளில் கூட்டம் மெலிந்திருக்கும். கோடை முடிந்து கூடும்போது, பல இடங்களில் ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிரியமான இடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து ஒரே பாத்திரத்தில் ஊற்றுவார்கள். மகளிடம் கேட்டுக்கொண்டு, அழகர்மலை நூபுர கங்கையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் பிடித்துப் பெரிய பெட்டியில் வையுங்கள், 100 மில்லிக்கு மேல் இருந்தால் கைப்பையில் விடமாட்டார்கள். பேத்தி கையால் ஊற்றட்டும். அது எந்த மலைத் தண்ணீர் என்று நீங்களே அவர்களிடம் தமிழில் சொல்லுங்கள், மகள் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வாள்.