மாமியார் பெயரில் இருக்கும் வீடு

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கரூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் அக்காவைச் சேலத்தில் கட்டிக்கொடுத்து ஒன்பது வருடம் ஆகிறது. இரண்டு பிள்ளைகள். பெரியவள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அக்கா ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். சம்பளம் வங்கியில் விழும், ஏடிஎம் கார்டு மச்சானிடம் இருக்கும். செலவுக்குப் பணம் கேட்டால் சண்டை, சண்டை முற்றினால் அடி. இதற்கு முன் இரண்டு முறை வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு முறையும் பெரியப்பாவும் தாய்மாமனும் போய்ப் பேசி, இனிமேல் கை வைக்க மாட்டேன் என்று சொல்லவைத்து, திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். இந்த முறை இடது கை வீங்கி, பிள்ளைகளோடு இரவு பஸ்ஸில் வந்து இறங்கினாள். பன்னிரண்டு நாள் ஆகிறது.

"ஸ்டேஷனுக்குப் போனா அப்புறம் வாழ்க்கையே இல்ல" என்கிறார் அப்பா. அக்காவோ, "அவரை ஜெயில்ல எல்லாம் போட வேண்டாம்டா, அடிக்காம இருந்தாப் போதும்" என்கிறாள். வீடு மாமியார் பெயரில் இருக்கிறது, வெளியே போனவளுக்கு இங்கே என்ன உரிமை என்று அங்கிருந்து சொல்லியனுப்பிவிட்டார்கள். கேஸ் போடுவதென்றால் சேலத்தில்தான் போட வேண்டுமாம். சட்டத்தில் இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா? பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

முதலில் அக்காவின் கையைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு நாள் ஆகியும் டாக்டரிடம் காட்டியதாக நீங்கள் எழுதவில்லை. இன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள். படிக்கட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிப் பழகிய வாய், அங்கேயும் அதையேதான் சொல்லப் பார்க்கும். யார் அடித்தது, எதனால் அடித்தது, என்றைக்கு என்று உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதிவார்கள். ஏ.ஆர். காப்பி என்று அங்கே சொல்வது அதைத்தான். நாளைக்கு எந்த மேசைக்குப் போனாலும் அந்த ஒரு தாள் பேசும்.

இனி அக்கா சொன்ன அந்த வார்த்தைக்கு வருகிறேன். "அடிக்காம இருந்தாப் போதும்." நம் ஊரில் அடிபடும் பெண்களில் பெரும்பாலானவர்கள் கேட்பது இவ்வளவுதான். ஆனால் வெகுகாலம் இதைக் கேட்பதற்கு ஓர் இடம் இல்லாமல் இருந்தது. 1983இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் வந்த 498ஏ பிரிவு (இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆவது பிரிவு) கணவனையும் அவன் வீட்டாரையும் தண்டிக்கும் சட்டம். மூன்றாண்டு வரை சிறை. அது தேவையான சட்டம்தான். ஆனால் பொறுத்துக்கொண்டு கிடப்பது, இல்லை ஜெயிலுக்கு அனுப்புவது என்று இரண்டே வாசல் இருந்தபோது, அக்காவைப் போன்றவர்கள் எதிலும் நுழையாமல் திரும்பிவிட்டார்கள்.

மூன்றாவது வாசலாக வந்ததுதான் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26 அன்று. அடிக்காதே, அவள் வேலை பார்க்கும் இடத்துக்குப் போகாதே, போன் செய்து மிரட்டாதே, வீட்டைவிட்டு வெளியேற்றாதே என்று மாஜிஸ்திரேட் எழுத்தில் உத்தரவு போடுவார். மனுப் போட்ட உடனே யாரும் சிறைக்குப் போவதில்லை. பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் குற்றம். ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: பெரியப்பாவும் தாய்மாமனும் இரண்டு முறை வாங்கிவந்தார்களே ஒரு வாக்கு, அதே வாக்கைத்தான் நீதிமன்றத்திலும் கேட்கப் போகிறோம். மீறினால் என்ன ஆகும் என்பது மட்டும் இந்த முறை எழுதப்பட்டிருக்கும்.

ஏடிஎம் கார்டு விஷயத்தை நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அங்கிருந்து கண் நகரவில்லை. மாதம் முழுக்க உழைக்கிற ஒருத்தி, பிள்ளைக்கு நோட்டு வாங்கக் கணவனிடம் கை நீட்ட வேண்டும், நீட்டிய கையில் அடி விழும். இந்தச் சட்டம் உடலில் படும் அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. வாயால் சிறுமைப்படுத்துவது, பாலியல் துன்பம், அப்புறம் பொருளாதார வன்முறை என்று தனியாகவே வகுத்திருக்கிறது. அவளுக்குச் சேர வேண்டிய பணத்தைத் தராமல் வைத்துக்கொள்வதும், நகையை, சீதனத்தை எடுத்துக்கொள்வதும், வீட்டுச் செலவுக்குக் கொடுக்காமல் இருப்பதும் அதில் வரும். மனுவில் இதை அடிக்குச் சமமாக எழுதச் சொல்லுங்கள்.

வீட்டு விஷயம்தான் நீங்கள் கேட்டதிலேயே முக்கியமானது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு நேராகவே சொல்கிறது: கணவனோடு குடும்பமாக வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு, அவள் பெயரில் பத்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இவ்வளவு தெளிவாக இருந்தும், 2006 டிசம்பரில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு வேறு மாதிரி தீர்ப்புச் சொன்னது. கணவனுக்குச் சொந்தமான, அவன் வாடகைக்கு எடுத்த, அல்லது அவனுக்குப் பங்குள்ள கூட்டுக்குடும்பத்தின் வீட்டில்தான் உரிமை, மாமியார் வீட்டில் இல்லை என்று. நம் ஊரில் எத்தனை வீடு மகன் பெயரில் இருக்கிறது? அப்பா, அம்மா பெயரில்தான் இருக்கும். அந்தத் தீர்ப்பைக் காட்டியே பதினான்கு வருடம் மருமகள்களை வெளியே நிறுத்தினார்கள். உங்கள் மச்சான் வீட்டுக்கு யாரோ சொல்லிக்கொடுத்த வாதமும் அங்கிருந்து வந்ததுதான்.

2020 அக்டோபர் 15 அன்று அது மாறியது. டெல்லியில் ஒரு மாமனார், வீடு என் பெயரில் இருக்கிறது, மருமகள் காலிசெய்ய வேண்டும் என்று போட்ட வழக்கு. சதீஷ் சந்தர் அகுஜா வழக்கு என்பார்கள். மூன்று நீதிபதிகள் அமர்வு பழைய தீர்ப்பு சரியான சட்டம் இல்லை என்று சொல்லிவிட்டது. மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும், அவள் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் அது சட்டம் சொல்லும் கூட்டு வசிப்பிடம்தான். வயதானவர்கள் நிம்மதியாக இருக்கும் உரிமையையும் நீதிமன்றம் சேர்த்தே எடைபோடும், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதனால் அதே வீட்டில் ஒரு பகுதியைக் கொடுக்கச் சொல்லலாம், அதே தரத்தில் வேறு வீடு பார்த்து வாடகை கட்டச் சொல்லலாம், கணவனையே வெளியேறச் சொல்லலாம். பெண் என்பதால் மாமியாரை வெளியேறச் சொல்லி இந்தச் சட்டத்தில் உத்தரவு போட முடியாது. உங்கள் அக்காவும் அதைக் கேட்க மாட்டாள் என்று நினைக்கிறேன். வெளியே போனவளுக்கு உரிமை இல்லை என்பதும் தவறு. அடி தாங்காமல் வெளியே வந்ததால் அந்த உரிமை போய்விடாது.

எனக்கு இதில் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. அடித்தவன் அவன் படுக்கையில் தூங்குகிறான். அடிபட்டவள் வேலையை, பிள்ளையின் பள்ளிக்கூடத்தை, அடுப்படியை விட்டுவிட்டு இரவு பஸ் ஏறுகிறாள். பன்னிரண்டு நாள் லீவு என்றால் கடையில் எத்தனை நாள் பொறுப்பார்கள்? அவளுடைய வேலையும் பிள்ளையின் வகுப்பும் சேலத்தில் இருக்கின்றன. அதனால்தான் அந்த வீடு வேண்டும் என்கிறேன்.

சேலத்தில்தான் மனுப் போட வேண்டும் என்பது உண்மை இல்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் போடலாம் என்று 27ஆவது பிரிவு சொல்கிறது. கரூர் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். நடந்ததைக் கேட்டு அவர் குடும்ப நிகழ்வு அறிக்கை தயாரித்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். அங்கே போவது வீண் அலைச்சல் என்று தோன்றினால் அக்காவே வக்கீல் மூலம் நேராக மனுப் போடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். அவர்களின் எண் 15100. இரவில் ஏதாவது என்றால் 181. தங்க இடம் வேண்டுமென்றால், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு அரசு நடத்தும் 'சகி' உதவி மையத்துக்கு அவர்களே வழி சொல்வார்கள்.

மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் எழுந்து வராதீர்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தியோடு நான் ஒரு நிலையத்துக்குப் போயிருக்கிறேன். "அனுசரிச்சுப் போம்மா, ரெண்டு புள்ள இருக்கில்ல" என்று அனுப்பிவைத்தார்கள். பிறகு நீதிமன்றத்துக்கும் கூடவே போனேன். சட்டம் அறுபது நாளில் முடிக்கப் பார்க்கச் சொல்கிறது. நடப்பில் சம்மன் திரும்பி வரும், வாய்தா விழும், மாதங்கள் ஓடும். அதனால் மனுவோடு சேர்த்தே இடைக்கால உத்தரவையும் கேளுங்கள். 23ஆவது பிரிவு. நிலைமை மோசம் என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்றினால் எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே கொடுக்கலாம். ஜீவனத்துக்குப் பணம், பிள்ளைகள் தற்காலிகமாக அவளிடம் இருப்பது, எல்லாவற்றையும் அதிலேயே கேட்கலாம். அந்தப் பெண்ணுக்கு இடைக்கால உத்தரவு கிடைத்தது. நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தாள். இன்னொரு நகல் காவல் நிலையத்தில் இருக்கிறது என்று அவனுக்கும் தெரியும். அதன் பிறகு அவன் பேச்சு மாறவில்லை, கை மட்டும் நின்றது. அவளுக்கு அப்போது அது போதுமாக இருந்தது.

ஒன்றே ஒன்று உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். இதையெல்லாம் அக்காவிடம் படித்துக் காட்டுங்கள், ஆனால் அவளுக்காக நீங்கள் முடிவெடுக்காதீர்கள். இத்தனை வருடம் அவளைச் சுற்றியிருக்கும் ஆண்கள்தான் பேசி முடித்திருக்கிறார்கள். அவள் யோசிக்க நாலு நாள் வேண்டும் என்றால் கொடுங்கள். அந்த நாலு நாளும், எத்தனை முறை வந்தாள், இனி வருவாளா என்று வீட்டில் யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றம், அலுவலகம் எதுவும் தேவைப்படாத ஒரு வேலை நாளைக்கே இருக்கிறது. அவள் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்கு அவளையே போன் செய்து அந்த ஏடிஎம் கார்டை முடக்கச் சொல்லுங்கள். கரூரில் அவள் பெயரில் ஒரு புதுக் கணக்குத் தொடங்கி, அடுத்த மாதச் சம்பளத்தை அதில் போடும்படி கடை முதலாளிக்கு அவளையே ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். லீவு நீட்டிப்பையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம்.