கேளுங்கள், பழைய பஸ் நேரக்கணிப்பாளர் சொல்கிறார்

கேள்வி: மட்டக்களப்பிலிருந்து களுவாஞ்சிக்குடிக்கு 20 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்கிறார்கள். நானோ கல்லடிப் பாலத்தடியில் 40 நிமிடம் காய்கிறேன். பிறகு இரண்டு ஒன்றாக வருகின்றன! ஒரு பஸ் கூடுதலாக விட்டால் என்ன ஐயா?
(ஓர் ஆசிரியை, கல்லடி)

பதில்: மகள், கணக்கைப் பார்ப்போம். போக 50 நிமிடம், வர 50, இரண்டு முனையிலும் சாரதி தேத்தண்ணி குடிக்கப் பத்துப் பத்து. மொத்தம் 120 என்று வையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒன்றென்றால் 6 பஸ் வேண்டும். காலையில் ஒன்று ஸ்டார்ட் எடுக்கவில்லை என்றால் உங்கள் 40 நிமிட ஓட்டை விழும். புது பஸ்ஸை அன்றைக்கு எங்கே தேடுவது? மிச்சம் 5 பஸ்ஸையும் 24 நிமிட இடைவெளியில் மாற்றி விட்டால் போதும். நான் இதைச் சிகரெட் பெட்டி அட்டையில் எழுதிச் சாரதிகளின் கையில் கொடுப்பேன். சில பேர் முறைப்பார்கள், சரி, போகட்டும்.

இரண்டு சேர்ந்து வருவது வேறு கதை. முன்னால் போகிறது பிந்தினால் ஒவ்வொரு தரிப்பிலும் கூட்டம் கூடும், ஏற்ற நேரமெடுக்கும், இன்னும் பிந்தும். பின்னால் வருகிறதுக்கு ஆளில்லை, ஓடிவந்து முட்டி நிற்கும். காத்தான்குடியில் பேரீச்சமரம் நிற்கிற வீதியில் இந்தக் கூத்தை எத்தனை தரம் பார்த்திருப்பேன்! பின்னால் வருகிறதை ஆரையம்பதியில் நாலு நிமிடம் பிடித்து வைக்க வேண்டும். உள்ளே இருக்கிறவர்கள் ஏசுவார்கள்தான்.